பெட்டினா காப்பாவின் ‘தி புக் ஆஃப் மெமரி’ புதினத்தில் அல்பினிசம்: பார்க்கப்படும் உடலும் எழுதும் கையும்

ஆய்வுச் சுருக்கம்

சிம்பாப்வே எழுத்தாளர் பெட்டினா காப்பா 2015-இல் வெளியிட்ட ‘தி புக் ஆஃப் மெமரி’ (நினைவின் நூல்) என்னும் ஆங்கிலப் புதினம், அல்பினிசம் உடைய பெண்ணொருத்தியைத் தன்மைக் கூற்றில் பேசவைக்கிறது. மேலைப் புனைகதை மரபில் அல்பினிசம் பெரும்பாலும் தீமையின் அல்லது அச்சத்தின் குறியீடாகவே கையாளப்பட்டு வந்துள்ளது. அம்மரபோடு ஒப்பிடும்போது காப்பாவின் புதினம் எவ்விடங்களில் விலகுகிறது, எவ்விடங்களில் தன் எல்லையைக் காட்டுகிறது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. பெயரிடுதல், எடுத்துரைப்பு, பாதுகாப்பு ஆகிய மூன்றும் இப்புதினத்தில் உரிமைச் சிக்கல்களாக வடிவம் பெறுகின்றன என்பது கட்டுரையின் மையக் கருத்தாகும்.

திறவுச்சொற்கள்: அல்பினிசம், ஊனமுற்றோரியல் திறனாய்வு, ஆப்பிரிக்கப் புதினம், பெட்டினா காப்பா, எடுத்துரைப்பியல், மனித உரிமை

முன்னுரை

மனித உடலின் வேறுபாடுகளை இலக்கியம் எவ்வாறு பொருள்படுத்துகிறது என்பது திறனாய்வின் தலையாய வினாக்களுள் ஒன்று. உடற்குறையுடைய கதைமாந்தர் இல்லாத பழங்கதை மரபு எம்மொழியிலும் அரிது. எனினும் அக்கதைமாந்தர் தம் வாழ்வைத் தாமே சொல்லும் இடம் மிகக் குறைவு. டேவிட் மிட்செல், ஷரன் ஸ்னைடர் ஆகிய இருவரும் 2000-இல் வெளியிட்ட நூலில் இந்நிலையைக் கதையின் செயற்கை உறுப்பு என்னும் உருவகத்தால் விளக்கினர். கதை தான் நடப்பதற்கு உடற்குறையை ஊன்றுகோலாகக் கொள்கிறது. ஊன்றி நடந்தபின் அக்குறையுடையவரின் சமூக வாழ்வைப் பற்றிக் கவலைகொள்வதில்லை என்பது அவர்கள் வாதத்தின் சாரம்.

இவ்வாதம் அல்பினிசத்துக்கு மிகவும் பொருந்தும். காரணம், அல்பினிசம் முதலில் கண்ணில் படுவது. அதன் உண்மையான இடர்களோ கண்ணுக்குப் புலப்படாதவை. பார்ப்பவர் காண்பது வெளிறிய தோலும் முடியும். உடையவர் அனுபவிப்பது பார்வைக் குறைவும் வெயிலின் தாக்குதலும் பிறரின் உற்றுநோக்கலும் ஆகும். இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட தொலைவில்தான் மூடநம்பிக்கையும் வளர்கிறது, புனைகதையும் வளர்கிறது. அத்தொலைவைக் குறைக்க முற்பட்ட புதினம் என்ற நிலையில் காப்பாவின் படைப்பு இங்கு ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளப்படுகிறது.

அல்பினிசம்: அறிவியலும் சொல்லும்

அல்பினிசம் தொற்றுநோயன்று, பரம்பரையாக வரும் மரபணு நிலை. மெலனின் என்னும் நிறமி உருவாகும் வேதிவழியில் ஏற்படும் குறைபாட்டால் தோல், முடி, கண் ஆகியவற்றில் நிறமி குறைந்தோ இல்லாமலோ போகிறது. தோலையும் கண்ணையும் ஒருங்கே பாதிக்கும் வகை பெரும்பாலும் ஒடுங்கு மரபணுவழிக் கடத்தப்படுவது. தாய், தந்தை இருவரும் அம்மரபணுவைத் தாங்கியிருந்தால் ஒவ்வொரு பேற்றிலும் குழந்தைக்கு அல்பினிசம் அமைய நான்கில் ஒரு வாய்ப்பு உண்டு. பெற்றோர் இருவரும் வழக்கமான நிறத்தினராகவே இருப்பர். இவ்வறிவியல் உண்மையை அறியாத சமூகங்களில் பழி தாயின்மேல் விழுகிறது. கணவன் விட்டுச்செல்லுதல், தாயின் கற்பை ஐயுறுதல் ஆகியன ஆப்பிரிக்க நாடுகள் பலவற்றிலிருந்து பதிவாகியுள்ளன.

கண்ணில் நிறமி குறைவதால் விழித்திரையின் மையப்பகுதி முழுமையாக வளர்வதில்லை. கண் நரம்புகளின் பாதையும் இயல்பினின்று மாறுகிறது. விழி தானே அசைந்துகொண்டிருத்தல், ஒளிக்கூச்சம், கண்ணாடி அணிந்தும் முழுதாகச் சீராகாத பார்வை ஆகியவை இதன் விளைவுகள். அல்பினிசம் உடையோர் அனைவர்க்கும் கண் சிவப்பு என்பது தவறான கருத்து. பலருக்கு நீலம், சாம்பல், பழுப்பு நிறக் கண்களே உண்டு; சில ஒளிநிலைகளில் மட்டும் உள்ளிருந்து எதிரொளிக்கும் சிவப்பு தெரியும். வெப்ப நாடுகளில் மிகக் கொடிய இடர் தோல் புற்றுநோய். தொப்பி, முழுக்கை ஆடை, வெயில்காப்புக் களிம்பு ஆகிய எளிய பொருள்களால் பெருமளவு தடுக்கத்தக்க நோய் அது.

ஐக்கிய நாடுகள் அவையின் தகவல்படி வட அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் 17,000 முதல் 20,000 பேருக்கு ஒருவருக்கு அல்பினிசம் உள்ளது. தான்சானியாவில் 1,400 பேருக்கு ஒருவர் என மதிப்பிடப்படுகிறது. சிம்பாப்வேயின் சில மக்கட்குழுக்களில் 1,000 பேருக்கு ஒருவர் என்னும் அளவும் பதிவாகியுள்ளது. எனவே சிம்பாப்வே எழுத்தாளர் ஒருவர் இப்பொருளை எடுத்துக்கொள்வது வியப்புச் சுவைக்காக அன்று. அது அந்நாட்டின் அண்டைவீட்டு உண்மை.

தமிழில் இந்நிலைக்கு நிலைபெற்ற பெயர் இல்லை. பேச்சுவழக்கில் இதனை வெண்புள்ளியோடு குழப்பிக்கொள்வோர் பலர். வெண்புள்ளி பிறந்தபின் தோன்றுவது. தோலின் நிறமிச் செல்கள் அழிவதால் திட்டுத்திட்டாக நிறம் இழப்பது. அல்பினிசம் பிறப்பிலேயே அமைவது. ‘வெண்குட்டம்’ என்ற பழஞ்சொல் வெண்புள்ளியைத் தொழுநோயோடு பிணைத்து அதனை உடையவர்களை நெடுங்காலம் வருத்தியது. ‘வெண்புள்ளி’ என்ற சொல் அப்பிணைப்பை அறுத்தது. ஒரு பெயர் மாறுவதால் ஒரு மனிதரின் திருமண வாய்ப்பும் வேலைவாய்ப்பும் மாறக்கூடும் என்பதற்கு இது சான்று. இந்நோக்கில் இக்கட்டுரை ‘அல்பினோ’ என ஆளையே நிறத்தால் சுட்டுவதைத் தவிர்த்து, ‘அல்பினிசம் உடையோர்’ என்னும் தொடரையே ஆள்கிறது.

புனைகதை மரபில் வெளிறிய உடல்

ஹெர்மன் மெல்வில்லின் ‘மோபி டிக்’ (1851) புதினத்தின் 42-ஆம் இயல் வெண்மை எழுப்பும் அச்சத்தை ஆராய்வது. அங்கு அல்பினிசம் உடைய மனிதர் ஓர் எடுத்துக்காட்டாக வருகிறார். பிறரைப் போலவே உறுப்புகள் அமைந்திருந்தும் உறவினரே அவரை வெறுப்பது ஏன் என்னும் வினா எழுப்பப்படுகிறது. வினா கூர்மையானது. ஆயினும் விடை வெண்மை என்னும் கருத்துருவைத் தேடிச் செல்கிறதே அன்றி, வெறுக்கப்படும் மனிதரை நோக்கித் திரும்பவில்லை.

எச். ஜி. வெல்சின் ‘தி இன்விசிபிள் மேன்’ (1897) புதினத்தின் தலைமைக் கதைமாந்தன் கிரிஃபின் ஏறத்தாழ அல்பினிசம் உடையவனாகவே அறிமுகமாகிறான். நிறமி இல்லாத உடலே கண்ணுக்குப் புலப்படாத உடலாக மாறுவதற்கு ஏற்றது என்பது அக்கதையின் அறிவியல் கற்பனை. இங்கு அல்பினிசம் கதைக்கு ஒரு வசதி. புறக்கணிக்கப்பட்ட மாணவனின் தனிமை கதையின் பின்புலத்தில் இருப்பினும், அது அவனது வெறிக்குத் தோற்றுவாயாக மட்டுமே பயன்படுகிறது. இறுதியில் கூட்டத்தினர் அவனை அடித்துக் கொன்றபின் உடல் மெல்லப் புலப்படும் காட்சி அமைகிறது. அவன் மனிதனாகக் காணப்படும் முதல் நேரமும் பிணமாகக் கிடக்கும் நேரமும் ஒன்றாகின்றன. வெல்ஸ் அறிந்து அமைத்தாரோ இல்லையோ, அல்பினிசம் உடையோரைச் சமூகம் பார்க்கும் முறைக்கு இதைவிடக் கடுமையான உருவகம் இல்லை எனலாம்.

நூறாண்டுகளுக்குப் பின்னர் வந்த டான் பிரவுனின் ‘தி டா வின்சி கோட்’ (2003) இம்மரபை மேலும் எளிமைப்படுத்தியது. அதில் வரும் சைலஸ் என்னும் துறவி கொலைகாரன். அவனது வெண்தோலும் கண்ணின் நிறமும் அவன் வரும்போதெல்லாம் நினைவூட்டப்படுகின்றன. ஆனால் அல்பினிசத்தின் மெய்யான இடராகிய பார்வைக் குறைவு அவனது கொலைத்தொழிலுக்குச் சிறிதும் தடையாவதில்லை. இக்கதை 2006-இல் திரைப்படமானபோது, 1982 முதல் இயங்கிவரும் அமெரிக்காவின் அல்பினிசம், நிறமிக்குறை தேசிய அமைப்பு இத்தகைய சித்திரிப்புக்குத் தன் எதிர்ப்பைத் தெரிவித்தது. தோலை மட்டும் எடுத்துக்கொண்டு கண்ணை விட்டுவிடுதல் என இம்மரபைச் சுருக்கமாகக் கூறலாம். பார்ப்பவர்க்குத் தெரிவது எழுதப்படுகிறது. பார்க்கப்படுபவர்க்குத் தெரிவது எழுதப்படுவதில்லை.

மெமரி: குறிப்பேடும் கூற்றும்

காப்பா சட்டம் பயின்றவர். பன்னாட்டு வணிகச் சட்டத் துறையில் பணியாற்றியவர். இவரது முதல் சிறுகதைத் தொகுதி 2009-இல் வெளிவந்து கார்டியன் முதல் நூல் பரிசைப் பெற்றது. ‘தி புக் ஆஃப் மெமரி’ இவரது முதல் புதினம். 2016-ஆம் ஆண்டின் பெய்லிஸ் பெண் புனைகதைப் பரிசின் நெடும்பட்டியலிலும் இது இடம்பெற்றது.

புதினத்தின் தலைவி மெமரி ஹராரே நகரின் சிக்குருபி உயர்பாதுகாப்புச் சிறையில் மரண தண்டனைக் கைதியாக இருக்கிறாள். தன்னை வளர்த்த லாயிட் ஹென்ட்ரிக்ஸ் என்னும் வெள்ளையரைக் கொன்றதாக அவள்மீது தீர்ப்பாகியுள்ளது. மேல்முறையீட்டுக்காகத் தன் வாழ்வை நினைவில் உள்ளவாறு எழுதும்படி வழக்கறிஞர் கூறுகிறார். அவ்வெழுத்தே புதினமாக விரிகிறது. முஃபகோசே என்னும் ஏழைக் குடியிருப்பில் பிறந்த மெமரி, ஒன்பது வயதில் பெற்றோர் தன்னை லாயிடுக்கு விற்றுவிட்டதாக நம்புகிறாள். பணம் கைமாறியதைக் கண்டதாக அவள் நினைவு சொல்கிறது. லாயிடின் வளமனையில் வளர்ந்து உயர்கல்வி பெறுகிறாள். பின்னர் நிகழ்ந்தவை அவளைச் சிறைக்குக் கொண்டுவருகின்றன.

இவ்வெடுத்துரைப்பு முறையில் கருதத்தக்க செய்தி ஒன்று உண்டு. மெமரி எழுதுவது இலக்கிய இன்பத்துக்காக அன்று, உயிருக்காக. அவளது கூற்று ஒரு மனு. வெல்சின் கிரிஃபினும் தன் கதையைச் சொல்கிறான். ஆனால் அது வேறொருவனின் கூற்றுக்குள் அடங்கிய பகுதி. மெமரியின் கூற்றுக்கு வெளியே புதினத்தில் எதுவுமில்லை. வாசகர் அவளைப் பார்ப்பதற்கு முன்னரே அவள் வாசகரைப் பார்க்கத் தொடங்கிவிடுகிறாள். பார்க்கப்படும் பொருளாக இருந்த உடல் பார்க்கும் தன்னிலையாக மாறுவது இம்முறையால் கைகூடுகிறது.

பெயரிடும் சொல்லின் வன்முறை

ஷோனா மொழியில் அல்பினிசம் உடையோரைச் சுட்டும் ‘முருங்குதுன்ஹு’ என்னும் சொல் புதினத்தில் ஆராயப்படுகிறது. இச்சொல்லின் முற்பகுதியாகிய ‘முருங்கு’ வெள்ளையரைக் குறிப்பது. பிற்பகுதி அவ்வெண்மையைப் போலியாக்கி எள்ளுவது. குடியேற்ற ஆட்சியில் வெண்மை என்பது நிலமும் அதிகாரமும் ஆகும். அவ்வெண்மையின் தோற்றம் மட்டும் கிடைத்து அதன் பயன் எதுவும் கிடைக்காத கறுப்பினப் பெண்ணின் நிலையை இந்த ஒரு சொல் முழுமையாகக் காட்டிவிடுகிறது. மெமரி கறுப்பினத்தவளாகவே பிறந்தாள். அவளை அவ்வினம் தன்னவளாக ஏற்கத் தயங்குகிறது. வெள்ளையர் வீட்டில் வளர்ந்தாள். அவ்வினமும் அவளைத் தன்னவளாகக் கொள்ளவில்லை. இனத்தைத் தோல்நிறத்தால் பிரித்த ஒரு நாட்டில் அந்தப் பிரிவினையின் அடிப்படையே பொய் என்பதற்கு அவளது உடல் உயிருள்ள சான்றாகிறது.

இச்சொல்லாய்வை அலங்காரம் எனத் தள்ள இயலாது. அல்பினிசம் உடையோரைப் பேய், ஆவி, மனிதரல்லாதோர் எனச் சுட்டும் சொற்கள் ஆப்பிரிக்க மொழிகள் பலவற்றில் உள்ளன. அவர்கள் இறப்பதில்லை, மறைந்துபோகிறார்கள் என்னும் நம்பிக்கை தான்சானியாவில் பரவலாக இருந்தது. மனிதரல்ல என்று பெயரிடப்பட்டவரின் உறுப்பை விலைபேசுவது எளிது. அந்நாட்டில் இந்த நூற்றாண்டின் முதற்பத்தாண்டின் பிற்பகுதியில், அவர்களின் உடலுறுப்புகள் செல்வம் தரும் என்னும் மாந்திரீக நம்பிக்கையால் நிகழ்ந்த கொலைகள் உலகின் கவனத்துக்கு வந்தன. 2009-இல் இக்குற்றத்துக்காக அங்கு முதன்முறையாக மரண தண்டனை விதிக்கப்பட்டது. 2008-இல் அல்ஷைமா க்வெகிர் நாடாளுமன்ற உறுப்பினராக நியமிக்கப்பட்டதும், 2010-இல் சலும் கல்ஃபான் பர்வானி தேர்தலில் வென்றதும், அல்பினிசம் உடையோர் தமக்காகத் தாமே பேசும் நிலையை உருவாக்கின. சிம்பாப்வேயிலும் அரசியல் அறிவியல் பேராசிரியர் ஜான் மகும்பே (இறப்பு 2013) அல்பினிசம் உடையவராகவும் அவர்களுக்கான அமைப்பை உருவாக்கியவராகவும் பொதுவாழ்வில் அறியப்பட்டவர். மெமரி என்னும் கற்பனைக் கதைமாந்தர் இவ்வகைக் குரல்கள் முன்னரே ஒலித்த மண்ணில் தோன்றியவள் என்பதை வாசிப்பில் மறத்தல் கூடாது.

வாசகரின் முற்கோளும் கதைத் திருப்பமும்

புதினத்தின் பெரும்பகுதியில் மெமரியும் வாசகரும் ஒரே நம்பிக்கையைப் பகிர்கின்றனர்: தோலின் காரணமாகவே பெற்றோர் அவளை விற்றனர் என்பதே அது. இறுதிப்பகுதியில் உண்மை வேறாக வெளிப்படுகிறது. அவளுக்கு இடர் தாயின் மனநோயிலிருந்து வந்தது. அவ்விடரிலிருந்து காப்பதற்காகவே தந்தை அவளை லாயிடிடம் ஒப்படைத்தார். தாயின் துயருக்குப் பின்னால் ‘ங்கோசி’ என்னும் பழிவாங்கும் ஆவி பற்றிய நம்பிக்கை நிற்கிறது. கொலையுண்டவரின் ஆவியைத் தணிக்க, கொன்றவரின் குடும்பம் பெண்குழந்தையை ஈடாகக் கொடுக்கும் வழக்கத்தோடு தொடர்புடையது அந்நம்பிக்கை. சிம்பாப்வேயில் 2007-இல் நடைமுறைக்கு வந்த குடும்ப வன்முறைச் சட்டம் இவ்வழக்கத்தை வன்முறையாக வரையறுத்துள்ளது.

இத்திருப்பத்தின் திறனாய்வுப் பயன் பெரிது. ‘அல்பினிசம் உடைய குழந்தை, ஏழை ஆப்பிரிக்கப் பெற்றோர், கைமாறிய பணம்’ என்னும் மூன்று செய்திகளைக் கேட்டவுடன் நான்காவது செய்தியை வாசகர் தாமே இட்டு நிரப்பிக்கொள்கிறார். மூடநம்பிக்கையைக் கண்டிக்கும் வாசகரும் ஒரு வார்ப்புருவையே நம்புகிறார் என்பதைப் புதினம் ஓசையின்றி மெய்ப்பிக்கிறது. மெமரியின் பிழையும் அவ்வகையினதே. ஊரார் அவளது தோலைக் கொண்டே அவளை விளக்கினர். அவளும் தன் வாழ்வைத் தன் தோலைக் கொண்டே விளக்கக் கற்றுக்கொண்டாள். பிறர் பார்வை தன் நினைவாகவே படிந்துவிடும் இந்நிலை உரிமை மறுப்பின் ஆழமான வடிவம். தலைவியின் பெயர் நினைவு எனப் பொருள்படுவதும், அந்நினைவே பிழைபடுவதும் இந்நோக்கில் பொருத்தமுடையன.

மெமரி குற்றமற்ற தியாகியாகவும் படைக்கப்படவில்லை. லாயிடின் தன்பாலீர்ப்பு வெளிப்பட்டு அவர் இழிவுக்கு உள்ளாவதற்கு அவளே காரணமாகிறாள். உடலுக்காக ஒதுக்கப்பட்டவள், விருப்பத்துக்காக ஒதுக்கப்படும் ஒருவரைக் காட்டிக்கொடுக்கிறாள். இரக்கத்தை எதிர்பார்க்கும் வாசகருக்கு இது இடறல். ஆனால் அல்பினிசம் உடைய கதைமாந்தர் கொடியவராக வேண்டும் அல்லது தூயவராக வேண்டும் என்னும் இரு கட்டாயங்களிலிருந்தும் அவளை விடுவிப்பது இந்தக் குற்றமே. தவறு செய்யும் உரிமையும் மனிதர்க்குரியதே.

பாதுகாப்பும் பிரிவும்

தந்தை மகளைக் காப்பதற்காகப் பிரிந்தார். மகள் அதனைக் கைவிடுதலாகவே உணர்ந்தாள். இந்த முரண் புனைகதைக்குள் மட்டும் அடங்குவதன்று. தான்சானியாவில் தாக்குதல்கள் மிகுந்தபோது அல்பினிசம் உடைய குழந்தைகள் பலர் ஷின்யாங்காவிலுள்ள புஹங்கிஜா, கசுலுவிலுள்ள கபங்கா முதலிய உறைவிட மையங்களுக்கு அனுப்பப்பட்டனர். உயிர் காக்கப்பட்டது. ஆனால் பல குழந்தைகள் ஆண்டுக்கணக்கில் பெற்றோரைப் பிரிந்து வாழ்ந்தனர். இடநெருக்கடி குறித்தும் மனித உரிமை அமைப்புகள் கவலை தெரிவித்தன. தாக்குபவர் ஊரில் நடமாட, தாக்கப்படக்கூடியவர் சுவருக்குள் வாழ்வது எவ்வகைப் பாதுகாப்பு என்னும் வினா அங்கு எழுந்தது.

காப்பாவின் புதினம் இவ்வினாவைக் குழந்தையின் உள்ளத்திலிருந்து எழுப்புகிறது. மெமரிக்கு நல்ல வீடும் கல்வியும் கிடைக்கின்றன. ஆயினும் ‘ஏன்’ என்னும் வினாவுக்கு யாரும் அவளுக்கு விடை கூறவில்லை. காரணம் சொல்லப்படாத பாதுகாப்பு, காக்கப்பட்டவரின் மனத்தில் தண்டனையாகவே பதிகிறது. ஒன்பது வயதில் தொடங்கிய இப்புரியாமை சிறையறை வரை அவளைத் தொடர்கிறது. குழந்தையின் நலனைப் பெரியோர் முடிவு செய்யும்போது குழந்தைக்கு அறியும் உரிமையும் உண்டு என்பதைச் சட்டமொழி இன்றியே புதினம் நிறுவுகிறது.

புதினத்தின் எல்லைகள்

இப்புதினம் ஐயங்களுக்கு அப்பாற்பட்டதன்று. முதலாவதாக, அல்பினிசத்தின்மேல் இருந்த சாபப்பழியை நீக்கும் கதை, இடரின் ஊற்றாகத் தாயின் மனநோயை நிறுத்துகிறது. ஒரு களங்கத்தைக் கழுவ மற்றொரு களங்கம் பயன்படுகிறதா என்னும் வினா எழுகிறது. மனநோய் உடையோர் வன்முறையாளர் என்பதும் அல்பினிசம் பற்றிய கட்டுக்கதைகளைப் போன்றதொரு வார்ப்புருவே. தாயின் துயரைப் பெண்ணை ஈடாக்கும் வழக்கத்தோடு இணைத்ததால் காப்பா இச்சிக்கலை ஓரளவு தணிக்கிறார். எனினும் மெமரிக்குக் கிடைத்த தன்கூற்று தாய்க்குக் கிடைக்கவில்லை. மகளின் குறிப்பேட்டில் தாய் இறுதிவரை பார்க்கப்படும் உடலாகவே நிற்கிறாள்.

இரண்டாவதாக, மெமரியின் மீட்சி செல்வரான ஒரு வெள்ளையரின் வீட்டின்வழி நிகழ்கிறது. தோலைக் காக்கும் நிழலும் மருத்துவமும் கல்வியும் அங்கு கிடைப்பவை; முஃபகோசேயில் கிடைக்காதவை. விதிவிலக்கான ஒரு மீட்சியைச் சொல்லும்போது, மீட்கப்படாத பலருக்குரிய வழி சொல்லப்படாமல் போகிறது. ஆயினும் இக்குறையை வேறுவகையிலும் வாசிக்கலாம். ஒரே குழந்தை, ஒரே தோல். முகவரி மாறியதும் வாழ்வு மாறுகிறது. அவ்வாறாயின் இடர் தோலில் இல்லை, முகவரியில் உள்ளது. வெயில்காப்புக் களிம்பும் கண்ணாடியும் வகுப்பறையில் முன்வரிசை இருக்கையும் கொடையாக அன்றி உரிமையாகக் கிடைக்க வேண்டும் என்னும் முடிவுக்கு இவ்வாசிப்பு இட்டுச்செல்கிறது.

இலக்கியத்திலிருந்து உரிமைக்கு

புதினம் வெளிவந்த காலம் கருதத்தக்கது. ஐக்கிய நாடுகள் மனித உரிமை மன்றம் 2013-இல் அல்பினிசம் உடையோர் மீதான தாக்குதல்கள் குறித்துத் தீர்மானம் நிறைவேற்றியது. 2014 டிசம்பரில் பொது அவை ஜூன் 13-ஆம் நாளைப் பன்னாட்டு அல்பினிச விழிப்புணர்வு நாளாக அறிவித்தது. 2015 முதல் அந்நாள் கடைப்பிடிக்கப்படுகிறது. அதே 2015-இல் நைஜீரியாவைச் சேர்ந்த இக்பொன்வோசா ஈரோ, அல்பினிசம் உடையோரின் மனித உரிமைகளுக்கான முதல் தனி வல்லுநராகப் பொறுப்பேற்றார். அவரும் அல்பினிசம் உடையவரே. உரிமைமொழியிலும் இலக்கியத்திலும் ஒரே காலத்தில் தன்கூற்று இடம்பெற்றது தற்செயலாக இருக்கலாம். ஆயினும் இரண்டும் ஒரே தேவையிலிருந்து எழுந்தவை.

மரண தண்டனை குறித்தும் சிம்பாப்வேயின் நிலை மாறியுள்ளது. 2013-ஆம் ஆண்டின் அரசமைப்புச் சட்டம் பெண்களுக்கு அத்தண்டனை விதிப்பதைத் தடைசெய்தது. 2024 டிசம்பரில் மரண தண்டனை ஒழிப்புச் சட்டம் கையொப்பமானது. மெமரியின் சிறையறை இன்று வரலாறு. அவளது தோலைப் பார்க்கும் கண்கள் இன்னும் வரலாறாகவில்லை. சட்டம் மாறும் விரைவில் பார்வை மாறுவதில்லை என்பதே இலக்கியத்துக்கு எஞ்சியிருக்கும் பணி.

இந்தியச் சூழலில் இச்செய்தியைப் பொருத்திப் பார்க்க ஓர் இடமுண்டு. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. அல்பினிசம் அவற்றுள் தனி வகையாக இல்லை. அதனை உடையோர் குறைபார்வை என்னும் வகையின்வழியே சான்றிதழ் பெற இயலும். அளவுகோல் கண்ணின் கூர்மையைக் கணக்கிடும். வெயிலையும் உற்றுநோக்கலையும் கணக்கிடாது. கண்ணை விட்டுவிட்டுத் தோலை மட்டும் எழுதியது புனைகதை மரபு. தோலை விட்டுவிட்டுக் கண்ணை மட்டும் அளக்கிறது சட்டம். முழு மனிதரைக் காணும் பார்வை இரண்டிற்கும் தேவைப்படுகிறது.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வின்வழிப் பெறப்படும் முடிவுகள் பின்வருமாறு:

1. மெல்வில், வெல்ஸ், டான் பிரவுன் ஆகியோரின் புதினங்களில் அல்பினிசம் கதைக்கான கருவியாக நிற்கிறது. பார்ப்பவரின் அச்சமே அவற்றில் எழுதப்பட்டுள்ளது.

2. காப்பாவின் புதினம் தன்மைக் கூற்றாலும் குறிப்பேட்டு வடிவத்தாலும் பார்க்கப்படும் உடலை எடுத்துரைக்கும் தன்னிலையாக மாற்றுகிறது.

3. ‘முருங்குதுன்ஹு’ என்னும் சொல்லின் ஆய்வு, பெயரிடுதல் உரிமைச் சிக்கலே என்பதைக் காட்டுகிறது. தமிழிலும் மதிப்புக்குரிய சொல்லாட்சி நிலைபெற வேண்டியுள்ளது.

4. கதைத் திருப்பம் வாசகரின் முற்கோளை வெளிப்படுத்துகிறது. இரக்கமும் ஒரு முற்கோளாக இருக்கக்கூடும் என்பது இதனால் பெறப்படும் கருத்து.

5. பாதுகாப்பு என்பது காக்கப்படுபவரின் அறியும் உரிமையையும் உள்ளடக்க வேண்டும். தாயின் குரல் மறுக்கப்படுவதும் தனிமனித மீட்சியில் கதை நின்றுவிடுவதும் புதினத்தின் எல்லைகள்.

அல்பினிசம் உடையோர் அரியவர் என்பதால் அவர்களை வியப்புப் பொருளாகவும், துன்புறுவோர் என்பதால் இரக்கப் பொருளாகவும் காண்பது எளிது. இவ்விரண்டையும் கடந்து, குற்றமும் அறிவும் பிழைபட்ட நினைவும் உடைய மனிதராகக் காண்பதற்கு ‘தி புக் ஆஃப் மெமரி’ வாசகரைப் பழக்குகிறது. உரிமை பற்றிய சட்டங்கள் வேர்கொள்வதற்குரிய நிலம் இத்தகைய பழக்கமே ஆகும்.